பென்னாகரம் ரோடு மெக்கானிக் ஷெட்: என் பழைய மாருதி 800 மிஸ்ஸிங் இங்கதான் சரியாச்சு

தர்மபுரி சைடுல கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான்) இருக்க பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். பென்னாகரம் ரோட்டுல ஒரு ஷெட் இருக்கு, போர்டு கிடையாது, முன்னாடி பெரிய புளியமரம், அதுக்கு கீழ எப்பவும் ரெண்டு மூணு பழைய வண்டி பானட் தொறந்தபடி நிக்கும். அந்த இடம்தான்.

என் வண்டி 98 மாடல் மாருதி 800, டி.என். 29, அப்பா வாங்கினது. ஆர்.சி. மூணு தடவ ரினீவல் பண்ணியாச்சு, விக்க மனசு வரல. 796 சிசி, மூணே சிலிண்டர், அதுல ஒண்ணு படுத்துட்டா இழுவைல மூணுல ஒரு பங்கு போச்சு. போன தை மாசம் அப்பாவ செக்கப்புக்கு சேலம் கூட்டிட்டு போய்ட்டு திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க வண்டி குலுங்குது, இழுக்கவே மாட்டேங்குது, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே வரான், அப்பா டேஷ்போர்ட புடிச்சிட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கார். மேல ஏறி ரோடு சமமானதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

இங்க வரதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காட்டினேன். ஒரு இடத்துல கார்பரேட்டர் கிட்டு, பெட்ரோல் பில்டர், பம்ப்புன்னு 7,800 ரூபா ஆச்சு, மிஸ்ஸிங் (சிலிண்டர் ஒழுங்கா எரியாம வண்டி குலுங்குறது) அப்படியே இருந்துச்சு. இன்னொரு இடத்துல சத்தத்த கேட்டதுமே இன்ஜின் இறக்கி ரீபோர் பண்ணணும், அதாவது தேஞ்ச சிலிண்டர திரும்ப கடையணும்னுட்டாங்க. ரெண்டு பேருமே சிலிண்டருக்குள்ள பொறி குடுக்குற பிளக்க கழட்டி பாக்கல, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

இந்த புளியமரத்து ஷெட் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். "ஏத்தத்துல மட்டுமா, நிக்கும்போதும் அடிக்குதா? காலைல பனில ஜாஸ்தியா தம்பி?" இவ்ளோதான் கேட்டார். பனி நாள்ல ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் அடிக்கும்னு சொன்னேன். அப்போ ராத்திரி இங்கயே விட்டுட்டு போங்க, காலைல வாங்கன்னுட்டார்.

காலைல ஆறரைக்கு நான் நிக்கும்போதே ஸ்டார்ட் பண்ணினார், டக் டக்னு குலுங்குது. ரப்பர் புடி போட்ட கட்டிங் பிளேயரால முதல் பிளக் வயர தூக்கினார், இன்ஜின் இறங்கி நிக்கப் போச்சு. மாட்டிட்டு மூணாவத தூக்கினார், அதுவும் அப்படித்தான். ரெண்டாவத தூக்கினார், ஒரு மாத்தமும் இல்ல. அந்த சிலிண்டர்தான் வேல செய்யல. (வெறுங்கையால இத முயற்சி பண்ணாதீங்க, ஷாக் அடிக்கும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்க வண்டில ரொம்ப நேரம் செய்யவும் கூடாது, எரியாத பெட்ரோல் நேரா அங்க போய் கன்வெர்ட்டர கெடுக்கும்.)

ரெண்டாவது பிளக்க கழட்டி என் மூக்குகிட்ட நீட்டினார். நனைஞ்சு போய் பெட்ரோல் வாடை. மத்த ரெண்டும் பிஸ்கட் கலர்ல காஞ்சு இருந்துச்சு. "பெட்ரோல் வருது தம்பி, நெருப்புதான் வரல. கார்பரேட்டர்ல எதுக்கு காசு போட்டீங்க?"ன்னார். எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

அதுக்கப்புறமும் எந்த பார்ட்டும் வாங்க சொல்லல. ஒண்ணாம் பிளக்கையும் ரெண்டாம் பிளக்கையும் மாத்தி போட்டார், கோளாறு ரெண்டுலயே நின்னுச்சு, அப்போ பிளக் இல்ல. வயர மீட்டர் வச்சு பாத்தார், பழசுதான் ஆனா அறுந்து போகல. அப்புறம் ஷட்டர இறக்கி இருட்டாக்கிட்டு, துணிக்கு அயர்ன் பண்ணும்போது தண்ணி தெளிப்பாங்கல்ல அந்த பாட்டில்ல டிஸ்ட்ரிபியூட்டர் கேப் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு அனுப்புற சாமானோட மூடி) மேல லேசா தெளிச்சார். ரெண்டாவது வயர் சொருகுற இடத்துக்கு அடில இருந்து கேப்ப புடிச்சிருக்க இரும்பு பக்கமா நீலமா ஒரு பொறி, டிக் டிக்னு சத்தம். கேப்ப கழட்டி துடைச்சு வெயில்ல காட்டினார், உள்ள முடி மாதிரி ஒரு விரிசல், அதுல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கரி. நகத்தால சுரண்டினேன், போகல.

ஏத்தத்துல மட்டும் ஏன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது இதுதான், ஆக்சிலேட்டர் மிதிச்சா சிலிண்டருக்குள்ள காத்து ஜாஸ்தி போகும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துல பிளக் நுனில இருக்க இடைவெளிய தாண்டி பொறி வர ஜாஸ்தி வோல்ட்டேஜ் வேணும், அப்போ கரண்ட் கஷ்டப்பட்டு பிளக்குக்கு போகாம சுலபமான விரிசல் வழியா பாடிக்கு இறங்கிடும். பனி ஈரம் பட்டாலும் அதே கதை. ரீபோர் பயம் போகணும்னு நான் கேட்டதால சிலிண்டர் அழுத்தத்த அளக்குற கம்ப்ரஷன் கேஜும் போட்டார், மூணு சிலிண்டரும் பத்து பாயிண்ட் வித்தியாசத்துக்குள்ளதான் இருந்துச்சு, அந்த பயமும் போச்சு.

கேப், அதுக்குள்ள சுத்துற ரோட்டார், வயர் செட், மூணு பிளக், எல்லாம் 1,350 ரூபா, கூலி 500. கழட்டும்போதே ஒவ்வொரு வயர்லயும் நம்பர் எழுதி வச்சிட்டார், இந்த இன்ஜின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியுற வரிசை) 1-3-2, மாறிட்டா ஒழுங்கா ஓடாது. பழைய சாமான் அத்தனையும் கவர்ல போட்டு கைல குடுத்தார்.

குறையும் சொல்லிடுறேன். பார்ட்ஸ் ஸ்டாக் கிடையாது, கேப் சேலத்துல இருந்து வர ரெண்டு நாள் ஆச்சு. போன எடுக்கவே மாட்டார், பில்லும் துண்டு பேப்பர்லதான். சென்சார் வச்ச புது வண்டி கொண்டு போனா எனக்கு தெரியாதுன்னு நேரா சொல்லி அனுப்பிடுவார்.

போன வாரம் அப்பாவோட மறுபடியும் சேலம் போய்ட்டு வந்தேன். தொப்பூர் ஏத்தத்துல மூணாவது கியர்லயே ஏறுச்சு, அப்பா பாதி வழில தூங்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை லீவு. மிஸ்ஸிங் காலைல மட்டும் வரும்னா முந்தின நாள் சாயங்காலமே வண்டிய விட்டுட்டு வாங்க, இன்ஜின் சூடாகிட்டா அவருக்கே புடிபடாது.