ஏர் டெக்கான் (2003–2008): பயணியின் கணக்கில்

ஏர் டெக்கான் என்ற மலிவு விமான நிறுவனம் என்றாலே ஒரு ரூபாய் டிக்கெட் பேச்சுதான். அந்த விலை சில சீட்டுகளுக்கு மட்டும். வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், கடைசி நேரத்தில் வாங்கினால் பெரிதாக லாபமில்லை.

அதைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் அசல் கெட்டிக்காரத்தனம் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் இருந்தது. 2003 ஆகஸ்டில் முதல் சேவையே பெங்களூரு–ஹூப்ளி. பின்னால் சென்னை–தூத்துக்குடியும் வந்தது. அன்றைய விதிப்படி 80 சீட்டுக்குக் குறைந்த விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. எடை 40 டன்னுக்குள் இருந்தால் எரிபொருளுக்கு அன்று 4 சதவீத விற்பனை வரிதான். பெரிய ஜெட்டுக்குப் பல மாநிலங்களில் 20 சதவீதத்துக்கும் மேல். சிறிய ஊருக்குக் கட்டுப்படியானது இதனால்தான்.

ஏடிஆர் 42-இல் 48 சீட். சீட் நம்பர் தர மாட்டார்கள், பஸ் மாதிரி முந்தியவருக்கு ஜன்னல். பயணிகள் ஏறும் கதவு வாலருகே, முன்பக்கம் சரக்கு அறை. உள்ளே போனதும் பலர் முன்வரிசைக்கு ஓடுவார்கள். அங்கேதான் புரொப்பெல்லர் இரைச்சல் அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தால் காதுக்கும் நிம்மதி, இறங்கவும் முதல் ஆள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். சாப்பாடு காசுக்குத்தான்.

தொல்லை என்றால் தாமதம். ஒரே விமானம் நாளெல்லாம் ஊர் ஊராகப் போய்வரும். காலையில் அரை மணி பிந்தினால் மாலைக்குள் அது இரண்டு மணி நேரமாகிவிடும். அதனால் முதல் சேவைதான் புத்திசாலித்தனம். இன்னொரு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு நிலைமை மோசம்: ஒவ்வொரு டிக்கெட்டும் தனி, பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், தவறவிட்டால் நஷ்டம் நம்முடையது.

பயணிகள் இருந்தும் கையில் காசு தங்கவில்லை. 2007-இல் விஜய் மல்லையாவின் குழுமம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. உள்நாட்டில் 5 வருடம் பறந்தால்தான் வெளிநாட்டு அனுமதி என்பது அன்றைய விதி. 2005-இல் தொடங்கிய மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்துக்கு அந்த 5 வருடம் ஆகவில்லை, டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் நிறைவானது. அடுத்த மாதமே கிங்ஃபிஷரின் பெங்களூரு–லண்டன் விமானம் கிளம்பியது. டெக்கான் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. 2011-இல் மலிவு சேவையே வேண்டாம் என்றார் மல்லையா. 2012 அக்டோபரில் மொத்தமும் தரையிறங்கியது.

சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் அதே பெயர் 2017 டிசம்பரில் மும்பை–ஜல்காவ் பறந்தது, பீச்கிராஃப்ட் 1900டி என்ற குட்டி விமானத்தில். 2020 ஏப்ரலில் கொரோனா அதையும் நிறுத்தியது.