படம் சுருக்க ஒரு வலது கிளிக் போதும்

நல்லூர்த் திருவிழாவில் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல், ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி. ரொறன்ரோவில் இருக்கிற அக்கா "எல்லாத்தையும் அனுப்படா" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. பெயின்ற்றில் ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கத் தொடங்கினேன், இருபதாவது படத்தோடு கை ஓய்ந்துவிட்டது. இணையத்தளங்களும் இருக்கு, ஆனால் சுருக்குவதற்கே முழுப் படத்தையும் ஏற்ற வேண்டுமென்றால் டேட்டாவுக்கு ஆர் காசு கட்டுறது?

கடைசியில் கைகொடுத்தது மைக்ரோசொஃப்டின் பவர்ரோய்ஸ் (PowerToys) என்ற கருவிப்பொதியில் இருக்கும் இமேஜ் ரீசைசர். இலவசம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். படங்களை மொத்தமாகத் தெரிவு செய்து, வலது கிளிக் செய்து, அளவைச் சொன்னால் சரி. அங்கே வரும் அளவுகளில் லார்ஜ் என்பது 1920×1080 பிக்சல். ஆனால் படத்தை இழுத்து நெளிக்காது, 4000×3000 படம் 1440×1080 ஆக வரும், சுவாமியின் முகம் சப்பையாகாது. மூலப்படம் அப்படியே இருக்க, பக்கத்திலேயே பிரதி விழும். மூலத்தையே மாற்றும் தெரிவும் உண்டு, அதைத் தெரியாமல் தட்டிவிடாதீர்கள்!

குறை ஒன்று: இந்தச் சின்ன வேலைக்காக வேறு பல கருவிகளும் சேர்ந்த பெரிய பொதியை நிறுவ வேண்டும். பழைய கணினி என்றால் 1996 முதல் இருக்கும், படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூ நல்லது, மிகச் சிறியது, சொந்தப் பாவனைக்கு இலவசம். திறந்து 'B' விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். அந்தப் பெட்டியின் தோற்றம்தான் கொஞ்சம் பயமுறுத்தும்.