யூனோஸ் ரோட்ஸ்டரில் டோர்சன் டிஃப்ரன்ஷியல்: நாலரை வருஷம், 26,000 மைல் ஓட்டிய பிறகு

பிரிட்டனில் நான் இருக்கும் கார்டிஃப்பில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க அதுதான். வேலைக்குப் போகும் வழியில் ஐந்து ரவுண்டானா. 2019 கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரே கூத்து. இரண்டாவது கியரில் திருப்பத்தை முடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறுமும், ஆர்பிஎம் முள் துள்ளும், கார் மட்டும் நகராது. உள்பக்கப் பின்சக்கரம் ஈரத்தில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கார் 1991 யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா எம்எக்ஸ்-5 காரை ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றார்கள். 1.6 லிட்டர், 120 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். பழைய காராக இங்கே இறக்குமதியானது. ஜப்பானிலும் வலது பக்க ஸ்டியரிங் என்பதால் பிரிட்டனில் இப்படி வந்த யூனோஸ்கள் நிறைய. எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து, திருப்பத்தில் அவற்றை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃப்ரன்ஷியல். சாதாரண 'ஓப்பன்' வகையில் ஒரு சக்கரம் வழுக்கினால் விசை அதிலேயே வீணாகும்; எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்) அந்த வழுக்கலுக்குக் கடிவாளம் போடும். என்னுடையதில் திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் எல்எஸ்டி இருந்தது. 'இருந்தது' என்பதை அழுத்திப் படிக்கவும்.

முதலில் போன கராஜில் பின் டயர் தேய்ந்துவிட்டது என்றார்கள். புது டயர் இரண்டு போட்டேன். ரவுண்டானாவில் அதே உறுமல், இப்போது கொஞ்சம் விலை உயர்ந்த ரப்பரில். வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் கார் பாஸ். எல்எஸ்டி வேலை செய்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றதை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். விஸ்கஸ் நன்றாக இருந்தால் சக்கரம் முரண்டு பிடிக்கும், மெதுவாகத்தான் திரும்பும். என்னுடையது குழந்தை சைக்கிள் சக்கரம் மாதிரி விறுவிறுவென்று சுற்றியது.

விஸ்கஸ் உள்ளே நடப்பது இவ்வளவுதான். துளையும் கீற்றும் போட்ட மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும்; இடையில் கெட்டியான சிலிக்கோன் திரவம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை திரவத்துக்கு வேலையில்லை. ஒரு பக்கம் வேகமெடுத்ததும் தகடுகள் திரவத்தைக் கிழித்துக்கொண்டு ஓட, அந்த இழுவையில் மறுபக்கமும் இழுபடும். வெல்லப்பாகில் கரண்டி விட்டுக் கிண்டினால் சட்டியும் சேர்ந்து திரும்புகிற கதை. சூடும் வயதும் சேர்ந்து அந்தப் பாகு நீர்த்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண ஓப்பன் டிஃப்ரன்ஷியல். சீல் வைத்து அடைத்த பெட்டி அது. ஆயில் மாற்றுவதுபோலத் திறந்து ஊற்ற முடியாது. முப்பது வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்த பாகம், அதற்காக நான் யாரையும் திட்டப் போவதில்லை.

முன்னால் மூன்று வழி. முதலாவது, இன்னொரு பழைய விஸ்கஸ். அதே வயது, அதே பாகு, வேண்டாம். இரண்டாவது, கிளட்ச் தகடு வகை எல்எஸ்டி. பந்தயத் தடத்துக்கு அதுதான் ராஜா. ஆனால் மெதுவாகத் திரும்பும்போது கடக் கடக் என்று சத்தம் போடும், தகடு தேயும், சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் அந்தச் சத்தத்தோடு திரும்ப எனக்கு மனம் இல்லை. மூன்றாவது, பல்சக்கர வகை. புதிதாக வேண்டுமென்றால் இங்கிலாந்தின் குவைஃப் கம்பெனியுடையது இருக்கிறது. நல்ல பொருள், விலையும் அதற்கேற்றபடி. பழையதாக வேண்டுமென்றால் 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5 கார்களில் வந்த டோர்சன். பழைய காரைப் பிரித்துப் பாகம் விற்கும் ஓர் உடைப்புக் கடையில் 550 பவுண்டுக்கு ஒன்றைப் பிடித்தேன்.

டோர்சனில் திரவமும் இல்லை, கிளட்ச் தகடும் இல்லை. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958இல் காப்புரிமை வாங்கிய யோசனை. உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நெருக்கி, அந்த உராய்விலேயே விசையைப் பிடிப்புள்ள பக்கத்துக்குத் தள்ளும். விஸ்கஸுக்கு முதலில் சக்கரம் வழுக்க வேண்டும், அப்புறம்தான் விழிக்கும். டோர்சன் வழுக்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடும்.

ஆனால் இது கழற்றி மாட்டும் வேலை இல்லை. 1.6இல் கிரவுன் வீல் (டிஃப்ரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8இல் 7 அங்குலம். டிஃப்ரன்ஷியல் கூடு முழுவதும், கியர்பாக்ஸிலிருந்து அதற்கு விசை கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அங்கிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட் எல்லாமே 1.8உடையதாக வேண்டும். தனித்தனியாக வாங்கினால் காசு கரையும். செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

2020 செப்டம்பரில் என் மச்சானும் நானும் அவன் வீட்டு கராஜில் இறங்கினோம். ஒரு வாரக்கடைசியில் முடியும் என்று படித்திருந்தோம். சனிக்கிழமை முழுவதும் ஒரே ஒரு போல்ட் தின்றது. பின்சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டின் அடியில் குறுக்கே ஓடும் நீள போல்ட் அது. சாலையில் கொட்டும் உப்பு உள்ளே போய், மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழலோடு சேர்ந்து ஒரே துண்டாகிவிட்டது. துருநீக்கி அடித்தோம், சுட்டோம், சுத்தியலால் அடித்தோம். கடைசியில் அறுத்துத்தான் எடுத்தோம். புது போல்ட்டும் புஷ்ஷும் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அடுத்தது பிபிஎஃப். கியர்பாக்ஸையும் டிஃப்ரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம். இதைக் கழற்றும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது தொங்கிவிடும். திரும்ப மாட்டும்போது உயரத்தை அளந்து மாட்ட வேண்டும். நாங்கள் கண்ணளவில் மாட்டினோம். 65 மைல் வேகத்தில் கியர் கைப்பிடி தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தது. மறுவாரம் மறுபடி அடியில் படுத்து, போல்ட்டைத் தளர்த்தி, அளந்து மாட்டியதும் அடங்கிவிட்டது.

ஆயில் எளிது. தரம் ஜிஎல்-5, கெட்டித்தன்மை 75டபிள்யூ-90, பழைய கூட்டுக்கு 0.65 லிட்டர், இதற்கு 1 லிட்டர். எல்எஸ்டிக்கு என்று உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்து விற்பார்களே, அது கிளட்ச் வகைக்கு. உராய்வை நம்பிப் பிழைக்கும் டோர்சனுக்கு அதை ஊற்றுவது, ஓட்டப்பந்தயக்காரன் செருப்பில் எண்ணெய் தடவுவதுபோல.

இன்னொரு மாற்றமும் கூடவே வந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்ற வேண்டும் என்ற பல்விகிதம் பழையதில் 4.3, புதியதில் 4.1. ஐந்தாவது கியரில் 70 மைலில் சுமார் 3,700 சுற்றில் கத்திக்கொண்டிருந்த எஞ்சின் 3,500 சொச்சத்துக்கு இறங்கியது. நெடுஞ்சாலையில் காதுக்கு நிம்மதி, முடுக்கத்தில் லேசான சோம்பல். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் முள் 5 சதவீதம் குறைத்துக் காட்ட ஆரம்பித்தது. கேமரா பிடித்தால் இந்த விளக்கமெல்லாம் எடுபடாது. பற்கள் குறைந்த சின்ன பிளாஸ்டிக் கியர் ஒன்றை மாற்றியதும் சரியானது.

சரி, ஓட்ட எப்படி? முதல் ஆறு மாதம் நான் பார்த்தவர்களிடமெல்லாம் இதைப் பற்றியே பேசினேன் என்று மனைவி சொல்கிறாள். பிளாக் மவுண்டன் மேலே ஏறும் ஏ4069 சாலையில், வளைவின் நடுவில் விசை கொடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் காரை உள்ளே தள்ளித் திருப்புவது கைக்குத் தெரிந்தது. இப்போது நிதானமாக யோசித்தால், அந்தப் பரவசத்தில் பாதி புது புஷ்களுக்கும் வீல் அலைன்மெண்டுக்கும் சேர வேண்டியது. ரவுண்டானா உறுமல் போனது மட்டும் சந்தேகமில்லாமல் டோர்சன் செய்தது.

எச்சரிக்கை ஒன்று. ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் உள்சக்கரம் வீணாகச் சுற்றுவது ஒரு விதத்தில் பாதுகாப்பு. கார் வேகம் பிடிக்காது, வால் வீசாது. டோர்சனில் அந்த வடிகால் இல்லை. பிடிப்பு போனால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே போகும். முதல் குளிர்காலத்தில் ஈர இலை கிடந்த ஒரு வளைவில் பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. இந்தக் காரில் அதைத் தடுக்க எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. வலது கால் பழக வேண்டும்.

டோர்சனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பிடிப்புள்ள பக்கத்துக்கு அது தருவது, வழுக்கும் பக்கம் தாங்குவதன் மடங்குதான். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம். கார் கண்காட்சி ஒன்றில் ஈரப் புல்வெளிப் பள்ளத்தில் ஒரு பின்சக்கரம் தொங்கிவிட்டது, மற்றது அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கிளிக் இழுத்துவிட்டு மெல்ல கிளட்ச்சை விட்டேன். தொங்கிய சக்கரத்துக்கு பிரேக் கொடுத்த சுமையை வைத்து டோர்சன் கணக்குப் போட, கார் ஊர்ந்து ஏறிவிட்டது. தள்ள வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்து போனார்கள்.

2022இல்தான் செலவு வந்தது. 50 மைல் வேகத்தில் காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். வடித்த ஆயிலில் வெள்ளிப்பொடி மினுங்கியது. 60,000 மைல்தான் ஓடியது என்று உடைப்புக் கடையில் சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது. டோர்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங் போயிருந்தது. இதை வீட்டில் செய்ய வேண்டாம். நசுங்கும் ஸ்பேசரை வைத்து பேரிங் இறுக்கத்தை அளந்து கொண்டுவர வேண்டும். பற்களில் வண்ணம் தடவி, கிரவுனும் பினியனும் எங்கே உரசுகின்றன என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 420 பவுண்ட். அதற்குப் பிறகு இன்றுவரை மூச்சில்லை. 12,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், சுத்தமாகவே வருகிறது.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மைல் கணக்கைக் கேட்காதீர்கள், பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்த 420ஐ விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். நானாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காரில் ஏற்றாமல் நேரே பேரிங் மாற்றக் கொடுத்துவிடுவேன். இரண்டாவது தடவை அந்த நீள போல்ட்டைப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை.