ஷேப்ஃபைல வெப் மேப்ல ஏத்தணுமா? மேப்ஷேப்பர் பத்தி ஒரு ரிவ்யூ

வார்டு எல்லை, தாலுகா எல்லைன்னு மேப் டேட்டா யார்கிட்ட கேட்டாலும் இன்னிக்கும் பாதி பேரு ஷேப்ஃபைலத்தான் கையில குடுக்குறாங்க. எஸ்ரிங்கிற மேப் சாஃப்ட்வேர் கம்பெனி 90கள்ல கொண்டுவந்த ஃபார்மேட், பேருதான் ஃபைல், உள்ள எஸ்ஹெச்பி (வடிவம்), எஸ்ஹெச்எக்ஸ் (இண்டெக்ஸ்), டிபிஎஃப் (ஊர்ப் பேரு மாதிரி விவரம் இருக்குற டேபிள்)னு குறைஞ்சது மூணு ஃபைல் இருக்கும். வெப் பேஜ்ல மேப் காட்டுற லைப்ரரியான லீஃப்லெட் இதை நேரா படிக்காது, ஜியோஜேசன்ங்கிற டெக்ஸ்ட் ஃபார்மேட்டா மாத்தித்தான் குடுக்கணும்.

அதுக்கு மேப்ஷேப்பர் செம டூல். ஓசி, இன்ஸ்டால் எதுவும் வேணாம், ஜிப்ப பிரவுசர்ல இழுத்துப் போட்டா படம் வந்துடும், டேட்டா எந்த சர்வருக்கும் போகாம நம்ம மெஷின்லயே வேலை நடக்குது. ஆனா இதோட உண்மையான கெத்து சிம்பிளிஃபைதான், ஸ்லைடர தள்ளத் தள்ள புள்ளிங்க குறையுது ஃபைல் இளைக்குது, ஆனாலும் பக்கத்து பக்கத்து மாவட்டத்துக்கு நடுவுல சந்து விழாது, ஏன்னா ரெண்டுக்கும் பொதுவான எல்லைய ஒரே கோடா வச்சுக்கிட்டு வேலை பாக்குது. ரொம்ப தள்ளினா லட்சத்தீவு மாதிரி குட்டித் தீவெல்லாம் காணாம போயிடும், அதைத் தடுக்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, மறக்காம போடுங்க.

தமிழ் டேட்டா வச்சிருக்கவங்க கவனிங்க. எழுத்து எந்த என்கோடிங்ல இருக்குன்னு சொல்ற சிபிஜி ஃபைல் இல்லாம வந்தா ஊர்ப் பேரெல்லாம் கிறுக்கலா தெரியலாம், இம்போர்ட் பண்ணும்போதே யூடிஎஃப்-8னு என்கோடிங் சொல்லிடுங்க. திரும்ப ஷேப்ஃபைலா மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ், டிபிஎஃப் டேபிள்ல காலம் (column) பேருக்கு 10 பைட்தான், யூடிஎஃப்-8ல தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட் ('மா'வே ம, கால்னு ரெண்டு குறியீடு), ஆக 'மாவட்டம்'னு வச்சா 'மாவ'வோட நின்னுடும் 😂

அடுத்த தலைவலி ப்ரொஜெக்ஷன், அதாவது உருண்டையான பூமிய தட்டையா மாத்துற முறை. டேட்டா யூடிஎம்ங்கிற ப்ரொஜெக்ஷன்ல இருந்தா மீட்டர் கணக்குல நம்பர் இருக்கும், லீஃப்லெட்டுக்கு வேண்டியது அட்சரேகை தீர்க்கரேகை. கன்சோல்ல ஒரு வரி ப்ராஜ் கமாண்ட் போட்டா மாறிடும், ஆனா ப்ரொஜெக்ஷன் விவரம் இருக்குற பிஆர்ஜே ஃபைல் இல்லன்னா, டேட்டா எந்த ப்ரொஜெக்ஷன்னு நாமதான் சொல்லணும். யூடிஎம் பூமிய ஸோன் ஸோனா பிரிக்குது, சென்னை ஸோன் 44, கோயம்புத்தூர் ஸோன் 43, அதனால ஒரே ஸ்டேட்னு கண்ண மூடிட்டு ஒண்ணையே போடாதீங்க.

ஷேப்ஃபைல விடப் பழைய ஃபார்மேட், அதாவது மேப்இன்ஃபோ டேப், ஆர்க்இன்ஃபோ இ00 எல்லாம் மேப்ஷேப்பர்ல எடுபடாது. அதுக்கு கியூஜிஐஎஸ்ங்கிற டெஸ்க்டாப் மேப் சாஃப்ட்வேர்தான். அதுவும் ஓசிதான், என்ன, டவுன்லோடு கொஞ்சம் பெருசு.