நின்று கொடுக்கும் போஸா, அசைந்து கொடுக்கும் போஸா?

மாடலிங்குக்குப் புதிதாக வருபவர்களில் ஒரு சாரார் போஸைப் பிடித்ததும் சிலையாகிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ஓயாமல் அசைகிறார்கள். இரண்டு முறைக்கும் ஷூட்டில் இடம் உண்டு. ஆனால் படம் கெடும் காரணங்கள் வேறு வேறு.

நின்று கொடுக்கும் போஸ் காலில் தொடங்குகிறது. எடையில் முக்கால் பங்கைப் பின்காலில் இறக்கி, முன்கால் முழங்காலைத் தளர்த்துங்கள். இடுப்பு தானாகச் சாயும், ஒரு தோள் இறங்கும். இரு கால்களிலும் சமமாக நின்றால் உடல் கட்டையாகத் தெரியும். கையை விலாவோடு ஒட்டினால் மேல்கை அமுங்கிப் பருத்துக் காட்டும். இரண்டு விரல் அகலம் இடைவெளி போதும். கன்னத்தில் கை வைத்தால் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், அழுத்தினால் சதை பிதுங்கும். புறங்கை முழுதாக லென்ஸைப் பார்த்தால் கை பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் பக்க விளிம்பைத் திருப்பினால் மெலிந்துவிடும்.

முகவாய்தான் பலரும் கோட்டைவிடும் இடம். கேமராவைக் கண்டதும் தலையைப் பின்னுக்கு இழுப்பது இயல்பு. இரட்டைத் தாடை அதில்தான் விழுகிறது. முதலில் நெற்றியை லென்ஸ் நோக்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கொண்டுவாருங்கள், பிறகு முகவாயைச் சற்றே இறக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஆமை கழுத்தை நீட்டியதுபோல இருக்கும். நேரே இருந்து பார்க்கும் லென்ஸுக்குத் தாடைக்கோடு அழகாக விழும்.

இந்த முறையின் பலவீனம் முகம் செத்துப்போவது. சில விநாடிகளில் சிரிப்பு வாயோடு நின்று, கண் அணைந்துவிடும். மூச்சை அடக்கினால் தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணை மூடி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, போட்டோகிராஃபர் மூன்று எண்ணும்போது கண்ணைத் திறங்கள். பார்வை புதிதாக இருக்கும்.

அசைந்து கொடுப்பதில் இந்தச் சிக்கல் குறைவு. துணி விழும் விதம், முடியின் அசைவு, இயல்பான சிரிப்பு எல்லாம் இதில்தான் கிடைக்கும். ஆனால் கேமராவின் வேகம் தெரிந்து அசைய வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 விநாடியாக இருந்தால் வீசி நடக்கும் கை கலங்கிவிடும். போட்டோகிராஃபர் 1/500 அல்லது அதைவிட வேகமாக வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஃபிளாஷ் முழுச் சக்தியில் அடித்தால், மறுபடி தயாராக இரண்டு மூன்று விநாடிகூட ஆகலாம். அதற்குள் நீங்கள் கொடுக்கும் நல்ல போஸ் இருட்டில் போய்விடும். லென்ஸை அகலமாகத் திறந்து (எஃப்/1.8-இல்) நெருக்கமாக முகம் எடுக்கும்போது மூன்று சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தாலே கண் ஃபோகஸை விட்டு விலகும். அங்கே முன்னும் பின்னும் அசையாமல், அதே தூரத்தில் பக்கவாட்டில் மட்டும் அசையுங்கள்.

நடக்கும் படத்துக்கு நீண்ட நடை வேண்டாம். ஒரு காலை முன்வைத்து, எடையை முன்னும் பின்னுமாக மாற்றி ஊஞ்சல்போல ஆடினாலே நடையாகப் பதிவாகும்.

உடையின் வெட்டும் தையலும் தெரிய வேண்டிய கேட்டலாக்குக்கு நின்று கொடுப்பதே சரி. வாழ்க்கைமுறை விளம்பரத்துக்கு அசைவு. ஏஜென்சிக்கு அனுப்பும் ‘டிஜிட்டல்ஸ்’ எனப்படும் எளிய அறிமுகப் படங்களில் இரண்டுமே தேவையில்லை. முன்பக்கம், பக்கவாட்டு, முழு உருவம் என்று அலங்காரமில்லாமல் நின்றால் போதும்.

முதல் ஷூட்டுக்குப் போகிறவர் நின்று கொடுப்பதையே முதலில் பழக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கண்ணாடி முன் ஐந்து போஸ்கள் தேறிய பிறகு, ஒவ்வொன்றுக்குள்ளும் கிளிக்குக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: முதலில் பார்வை, அடுத்து முகவாய், அடுத்து கை, கடைசியில் எடை. ஐந்து போஸில் இருபது படம் வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது நன்றாக வந்தது என்று திரையில் பார்த்தாலும் அதை மறுபடி பிடிக்க முடியாது.