புத்தகத்தில் ஒரு சிறுமி, திரையில் ஒரு சிறுமி

ரோல்ட் டால் 1988-இல் எழுதிய 'மடில்டா' என்ற சிறுவர் நாவலையும் அதன் 1996 திரைப்படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். பார்வையாலேயே பொருள்களை நகர்த்தும் சக்தி மடில்டாவுக்கு உண்டு. நாவலின் முடிவில் அது மறைந்துவிடுகிறது. மேல் வகுப்பில் அவள் மூளைக்கு இப்போது சரியான வேலை கிடைத்துவிட்டது, அதனால்தான் என்கிறார் அவளுடைய ஆசிரியை. படத்திலோ சக்தி கடைசிவரை அவளிடமே இருக்கிறது. திரையில் அது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு நாவலின் முடிவுதான் பிடிக்கும்: அந்தச் சிறுமியின் அறிவே பெரிது என்று அது நம்புகிறது.

எழுத்தில் ஒரு பெண் குழந்தையின் மனசுக்குள்ளேயே நுழைந்துவிடலாம். அவள் எப்படி இருக்கிறாள் என்பதற்கு முன்பே என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்துவிடும். கேமரா முதலில் காட்டுவது முகத்தையும் உடையையும்தான்.

அப்புறம் பேச்சு. அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் அலிசன் பெக்டெல் 1985-இல் தன் சித்திரக்கதை ஒன்றில் வைத்த சோதனை எளிமையானது: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அதுவும் ஆணைத் தவிர வேறு எதைப் பற்றியாவது. இதில் தேறாத பிரபலப் படங்கள் நிறைய.

சரி, திரைக்கும் ஒரு பலம் உண்டு. ஓடுகிற, மரம் ஏறுகிற, உரக்கச் சிரிக்கிற சிறுமியை, இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தையும் பார்த்துவிடலாம்.