படிகமணி எல்லை நகர்வு: வளைவு விளக்கமும் சறுக்கு விளக்கமும்

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை ஒட்டி மல்லேஸ்வரத்திலும் யஷ்வந்த்பூரிலும் தங்கிப் பொருளறிவியல் பயிலும் தமிழ் மாணவர்கள், சூடாக்கிய உலோகத்தில் படிகமணிகள் (உலோகத்தை ஆக்கும் நுண்படிகங்கள்) பெருப்பதற்கு முதலில் கற்கும் காரணம் வளைவு. இரு மணிகள் சந்திக்கும் எல்லைக்கு ஆற்றல் உண்டு; அதைக் குறைத்துக்கொள்ள, வளைந்த எல்லை தன் வளைவு மையத்தை நோக்கி நகர்கிறது; எனவே சிறுமணிகள் சுருங்கி மறைய, பெருமணிகள் வளர்கின்றன. மாசுகள் இந்த வேகத்தைத் தணிக்கும்.

இரண்டாவதான சறுக்கு விளக்கத்தையே நான் ஆழமானதாகக் கருதுகிறேன். தட்டையான எல்லைக்கு வளைவே இல்லை. ஆயினும் அதன் இருபுறமுள்ள மணிகளை எதிரெதிர்த் திசைகளில் சறுக்கச் செய்யும் தகைவு (பரப்பளவின் மீதான விசை) செயல்பட்டால், மணிகள் பக்கவாட்டில் பெயர்வதோடு எல்லையும் தனக்குச் செங்குத்தாக முன்னேறுகிறது. துத்தநாகத்தின் இருமணிப் படிகங்களில் (இரண்டே மணிகள் கொண்டவை) சிறுகோண எல்லைகள், அதாவது இருபுற மணிகளின் திசைகள் சற்றே வேறுபடும் எல்லைகள், தகைவால் நகர்வது 1950களின் தொடக்கத்திலேயே காணப்பட்டது. 2004இல் பொருளறிவியலாளர் ஜான் கானும் கணிதவியலாளர் ஜீன் டெய்லரும் எல்லை நகர்வு, பக்கப்பெயர்ச்சி, மணிச்சுழற்சி ஆகிய மூன்றையும் ஒரே கோட்பாட்டில் இணைத்தனர். இத்துறையில் மிக அழகான இணைப்பு அதுவே என்பேன். பக்கப்பெயர்ச்சிக்கும் முன்னேற்றத்துக்கும் உள்ள விகிதத்தை, சிறுகோணச் சாய்வெல்லைகளில் (எல்லைத் தளத்திலுள்ள அச்சைச் சுற்றி ஒரு மணி மற்றதிலிருந்து சாய்ந்திருப்பவை), இரு மணிகளுக்கு இடையிலான திசைக்கோணமே தீர்மானிக்கிறது. அணுவளவுப் படியும் படிகப் பிறழ்வும் (அணு அடுக்கு பிசகிய கோடு) ஒன்றாக அமைந்த குறைகள் எல்லை நெடுகிலும் ஊர்ந்து செல்வதால் இந்நகர்வு நிகழ்கிறது.

வெளித்தகைவு இல்லாத வெப்பப் பதனத்தில் (உலோகத்தைச் சூட்டில் வைத்திருப்பதில்) மணிகளின் சராசரி அளவைக் கணிக்க வளைவு விளக்கமே பெரும்பாலும் போதும். நானோமீட்டர் அளவு மணிகள் கொண்ட அலுமினியப் படலம் அறை வெப்பநிலையில் இழுக்கப்படும்போது அதன் மணிகள் பெருப்பதற்கோ சறுக்கு விளக்கம் இன்றியமையாதது.